நெருப்புக் கொழுக்கட்டை

ருக்மணிக்கும் அவள் ஓரகத்தி பூங்காவனத்துக்கும் முதல் பெரிய சண்டை ஒரு சாக்குப் பையை வைத்துத்தான் வந்தது.

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் நுழைந்த பிறகு வந்த இரண்டாவது மழைக்காலம் அது. காஜா பெராங்கில், கோயிலுக்குப் பின்னால் இறங்கும் சந்தில், பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக நின்ற வீட்டில் ருக்மணி கட்டிலுக்கடியில் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பம் எதிலோ முட்டியது. குனிந்து இழுத்தாள். வாய் கட்டிய சாக்கு ஒன்று வந்தது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே தேங்காய் நார், கிழிந்த பாயின் கோரை, நைந்துபோன வேட்டித் துணி, தச்சுப் பட்டறையில் அள்ளி வந்த மரத்தூள், எண்ணெய்ச் சட்டியில் சுரண்டிய கறுப்புக் கசடு, அதை மடித்து வைத்த வாழைச் சருகு. எல்லாவற்றுக்கும் மேலே, கித்தா என்கிற ரப்பர் மரத்தின் வெட்டுக்காயத்தில் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்தெடுப்பார்களே, அந்த ஒட்டுப்பால், சுருள் சுருளாக. செத்த எலி மாதிரி நாறியது.

"அடியே பூங்காவனம்! இங்க வாடீ!"

பின்கட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"என்ன இது? வீடா, குப்பைமேடா? படுக்குற எடத்துல கொண்டாந்து இதை வச்சிருக்கியே!"

"குப்பை இல்லேக்கா. நெருப்பு மூட்டறதுக்கு..."

"இதுலயா நெருப்பு மூட்டுவே? தோட்டத்துல வளந்தவன்னா எதை வேணா வீட்டுக்குள்ள சேப்பியா?"

பூங்காவனம் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் விறகுக் கொட்டகையில் வைத்தாள். அதற்கப்புறம் ருக்மணி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், தண்ணீர் கொடுப்பாள், பேச்சு மட்டும் கிடையாது.

ருக்மணி டவுனிலேயே பிறந்தவள். அவள் அப்பா ஆற்றங்கரையில் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் வேலை பார்த்தவர். வீட்டில் மேசை விரிப்பும் பீங்கான் கோப்பையும் புழங்கிய பழக்கம். கணவன் கலியாணசுந்தரம் நகராட்சியின் சாலை வேலைக் கூலிகளுக்குக் கங்காணி. அவன் தம்பி தம்பிராஜாவுக்கு பஸ் பட்டறையில் வேலை. குருபோங் பக்கத்துத் தோட்டத்துக்கு லாரி பழுது பார்க்கப் போன தம்பிராஜா, அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்த பூங்காவனத்தைப் பார்த்துவிட்டு வந்து, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று ஒரே பிடியாக நின்றான். ருக்மணிக்கு அந்தச் சம்பந்தம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் கல்யாணம் நடந்தது. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது தம்பிராஜாவும் போனான். "சீக்கிரம் திருப்பி அனுப்பிடுவாங்களாம் அண்ணி, இவளைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறியவனிடமிருந்து அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை.

அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்ததைக்கூட ருக்மணி ஒருவாறு தாங்கிக்கொண்டாள். நெருப்புப் பெட்டி இல்லாமல் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முதலில் கடைக்காரர்கள் பெட்டியாகத் தராமல் குச்சியாக எண்ணித் தந்தார்கள். பிறகு ஒரு குச்சியை நெட்டுக்கு இரண்டாகப் பிளந்து உரசினார்கள். பிறகு அதுவும் இல்லை. காலையில் எழுந்தால் கொட்டாங்கச்சியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமியிடம் போய்க் கங்கு கேட்க வேண்டும்.

பாக்கியலட்சுமி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். கும்பிடுகிற சாமி ஒன்றுதான், பேசுகிற பேச்சு மலாய். தன் அடுப்பில் நெருப்பு இருந்தால் முகம் கோணாமல் இரண்டு கங்கு எடுத்துப் போடுவாள். ஆனால் வேலியைத் தாண்டி வருவதற்குள் மழைத்துளி விழுந்து கங்கு அவிந்துவிடும். அவியாமல் வந்து சேர்ந்தாலும் விறகு பற்றாது. புக்கிட் காதில் பக்கமிருந்து வரும் கித்தா விறகு, மழையில் ஊறிப்போய், அடுப்பில் வைத்தால் நுரை கக்கும். ஊதி ஊதி ருக்மணியின் கண் பழுத்துவிடும். கலியாணசுந்தரம் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிற நாள்தான் அதிகம்.

பேச்சில்லாத அந்த நாட்களில், கொட்டகையில் பூங்காவனம் என்ன செய்கிறாள் என்று ருக்மணி பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மரத்தூளையும் நாரையும் பூங்காவனம் கலந்து பிடித்துப் பார்த்தாள், உதிர்ந்தது. கசடு சேர்த்துப் பிடித்தாள், நின்றது, ஆனால் பற்றிய வேகத்தில் அணைந்தது. ஒட்டுப்பாலை நிறையப் போட்டாள். அன்று குப்பென்று எழும்பிய தீ அவளுடைய ஒரு புருவத்தைக் கொண்டுபோனது. அந்த நெருப்பில் வெந்த கிழங்கை வாயில் வைத்த கலியாணசுந்தரம் அப்படியே நிறுத்தினான்.

"என்ன, லாரி டயரை வேகவச்சீங்களா?"

ருக்மணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாதிப் புருவத்தோடு பூங்காவனமும் சிரித்தாள். "இல்லே மாமா, பாலு கொஞ்சம் கூடிப்போச்சு. அது எரிஞ்சு முடிஞ்சப்புறம்தான் சட்டியை வைக்கணும் போல" என்றாள். அவமானப்பட்ட முகமாக அது இல்லை. ஏதோ ஒன்று பிடிபட்ட முகமாக இருந்தது. அடுத்த நாள் மறுபடியும் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டாள்.

விடிய விடியக் கொட்டித் தீர்த்த மழைக்குப் பிந்திய ஒரு காலை. பாக்கியலட்சுமி வீட்டு அடுப்பிலும் நெருப்பு இல்லை. கலியாணசுந்தரத்துக்குக் காய்ச்சல். கஞ்சி வைக்க வேண்டும். விறகிலிருந்து தண்ணீர் சொட்டியது. அடுப்பின் முன்னால் ருக்மணி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

பூங்காவனத்தின் கையில் ஒரு பால் டின் இருந்தது. அதற்குள் கருக்கி வைத்த வேட்டித் துணி. தம்பிராஜாவின் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்த உடைந்த அரத்துண்டால் வெள்ளைக் கல் ஒன்றைத் தட்டினாள். பொறி பறந்தது. சில தட்டில் ஒரு பொறி கருந்துணியில் விழுந்து சிவப்பாக ஊரத் தொடங்கியது. அதை நார்ப் பொதிக்குள் வைத்து, இரண்டு கையாலும் பொத்தி, குழந்தைக்கு ஊதுகிற மாதிரி மெதுவாக ஊதினாள். புகைந்தது. பிறகு பட்டென்று தீ பிடித்தது. அதை அடுப்பில் வைத்து, வாழைச் சருகில் சுற்றிக் கோரையால் கட்டிய ஓர் உருண்டையை அதன் மேல் வைத்தாள். முதலில் சருகு எரிந்தது, பிறகு நார், பிறகு உள்ளே புளியங்கொட்டை அளவுக்குப் பொதிந்திருந்த ஒட்டுப்பால். தீ அசையாமல் நிமிர்ந்து நின்றது. ஈர விறகு சீறியது, நுனியில் தண்ணீர் குமிழிட்டது. தீ விடவில்லை. விறகு காய்ந்து, கறுத்து, கடைசியில் தானும் பற்றிக்கொண்டது. கரும்புகை அடங்கும்வரை காத்திருந்து பூங்காவனம் சட்டியைத் தூக்கி வைத்தாள்.

ருக்மணி அடுப்பைப் பார்த்தாள். ஓரகத்தியின் கருகிய புருவத்தைப் பார்த்தாள்.

"எப்படிடீ?" என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அதுதான்.

அந்த உருண்டையை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தது ருக்மணிதான். பூங்காவனத்துக்கு அந்தப் புத்தி கிடையாது. முனைக் கடை உமர் ராவுத்தரிடம் ருக்மணியே ஒரு கூடை கொண்டுபோனாள்.

"பாய், மழையிலயும் எரியும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்ற ராவுத்தர், கூடையிலிருந்து ஒன்றை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கினார். எடுத்து உதறி, சுருட்டு நெருப்பை அதன் நாரில் வைத்தார். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு அது எரிய ஆரம்பித்ததும் மனுஷர் இரண்டடி பின்னால் போனார். "அடேயப்பா! பாத்தா பிடிகொழுக்கட்டை மாதிரி இருக்கு, உள்ள எரிமலையில்ல இருக்கு!"

அன்றிலிருந்து அதற்கு நெருப்புக் கொழுக்கட்டை என்று பேராகிவிட்டது. ராவுத்தர் உப்பும் கருவாடும் கொடுத்தார். உஜோங் பாசிர் மீன்காரர்கள் கடற்கரையில் அடுப்பு மூட்டக் கொழுக்கட்டை கேட்டு மீன் கொடுத்தார்கள். ஒரு தடவை அரிசிகூட வந்தது. பூங்காவனத்தின் அண்ணன் ராஜரத்தினம் தோட்டத்திலிருந்து ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து போட்டான். வாங்க ஆளில்லாமல் அங்கே மரத்தடியில் கிடக்கிற சரக்குதானே. வீட்டில் மறுபடியும் தாளிக்கிற சத்தம் கேட்டது. ருக்மணி கதவைச் சாத்திவிட்டுத்தான் உருட்ட விடுவாள். "செய்முறை வெளிய போகக் கூடாது. போச்சுன்னா நாளைக்கு ஆளாளுக்கு உருட்டுவாங்க" என்பாள். பூங்காவனம் தலையாட்டுவாள்.

பிறகு ஆறு பெருகியது. சந்தின் கீழ்ப்பக்கத்து வீடுகளில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று வடிந்தது. வடிந்தபோது பொதுக்கிணற்றின் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அடுத்து வந்தது பேதி. வயதானவர்கள் சிலர் போய்ச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது. அங்கே கட்டுப் போடுகிற டிரெஸர் வந்தவர்களிடமெல்லாம் ஒன்றைத்தான் சொன்னார்: தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

பாக்கியலட்சுமியின் கடைக்குட்டி விஜயா இறந்துபோனாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, அக்கா" என்று தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையைச் சொல்லிப் பூங்காவனத்தைக் கூப்பிட்டு விளையாடுகிற பெண்.

ஓரகத்திகள் இருவரும் துக்கம் கேட்கப் போனார்கள். சமையற்கட்டில் ருக்மணி கண்டது ஒரு பானைக் கிணற்றுத் தண்ணீரும், குளிர்ந்த அடுப்பும், அதற்குள் பாதி கருகிக் கிடந்த ஈர விறகும். பாக்கியலட்சுமி அழுதுகொண்டே மலாயில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். ருக்மணியின் முகம் மாறியது.

"என்னக்கா சொல்றாங்க?" என்றாள் பூங்காவனம். தோட்டத்தில் வளர்ந்தவள், அவளுக்கு மலாய் சரியாக வராது.

ருக்மணி சொல்வதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள்.

"தண்ணியக் காய்ச்சச் சொன்னாங்களாம். விறகு பத்தவே இல்லையாம். நம்ம வீட்டுக் கொழுக்கட்டைக்குப் பதில் குடுக்க அவங்ககிட்ட ஒண்ணும் இல்லையாம். கேக்கக் கூச்சமா இருந்துச்சாம்."

பூங்காவனம் பாக்கியலட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ருக்மணி கொட்டகைக்குப் போனபோது கூடைகள் வெறுமையாக இருந்தன. ராவுத்தருக்கும் மீன்காரருக்கும் எடுத்து வைத்திருந்தது அத்தனையும் இல்லை.

"எங்கடீ?"

"சந்து முழுக்கக் குடுத்துட்டேன்க்கா. வீட்டுக்கு ரெண்டு மூணு."

"அத்தனையுமா? உப்புக்கு என்ன பண்ணுவே? மாமாவுக்கு இன்னும் ஒடம்பு தேறலே, தெரியுமில்லே?"

"தெரியும்க்கா. ஆனா அது பத்தாது. நான் உருட்டிக் குடுத்து ஊருக்கு எப்பக் காணும்? அவங்களுக்கே உருட்டத் தெரியணும். இன்னிக்குக் கிணத்தடியில உக்காந்து காட்டப் போறேன்."

"செய்முறையச் சொல்லிட்டா அப்புறம் யாருடீ நம்மகிட்ட வாங்குவா?"

"யாரும் வாங்க வேணாம்க்கா" என்றாள் பூங்காவனம். "தண்ணி கொதிச்சாப் போதும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் ருக்மணியின் அனுமதிக்காக நிற்கவும் இல்லை. சாக்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற பெண் இப்படிப் போவாள் என்று ருக்மணி எதிர்பார்க்கவில்லை. கோபம் மண்டைக்கு ஏறியது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம்தான். அதற்குமேல் உட்கார முடியவில்லை. என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று எழுந்து போனாள்.

கிணற்றடியில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். செட்டிப் பெண்கள், கம்பம் என்கிற மலாய்க் குடியிருப்பிலிருந்து வந்த பெண்கள், இரண்டு சீனத்திகள், ராவுத்தரின் மகள் மஜீதா. நடுவில் ஓர் அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு பூங்காவனம். கை அவளுக்கு நன்றாகப் பேசியது. வாய்தான் ஒத்துழைக்கவில்லை. தெரிந்த மலாய் வார்த்தைகளைக் கோத்து, கொதித்த தண்ணீரைக் குடியுங்கள் என்று சொல்ல நினைத்து, "மினும் ஆப்பி, மினும் ஆப்பி" என்று வற்புறுத்திக்கொண்டிருந்தாள். நெருப்பைக் குடியுங்கள் என்று அர்த்தம். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் இருந்த பாக்கியலட்சுமிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ருக்மணி வேலி ஓரமாகவே நின்றிருப்பாள். ஆனால் ஒரு சீனத்தி, ஒட்டுப்பால் நிறைய இருந்தால் நல்லதுதானே என்று நினைத்து ஒரு கைப்பிடியை அள்ளி உருட்டி, எரிகிற அடுப்பில் வைத்துவிட்டாள். தீ ஆளுயரத்துக்குக் கிளம்பிப் பக்கத்துக் கொட்டகையின் அத்தாப்பை நக்கியது. பெண்கள் கூச்சலிட்டுச் சிதறினார்கள். ருக்மணி பாய்ந்து போய் ஈரச் சாக்கை அள்ளி அதன் மேல் போட்டு அமுக்கினாள். மூச்சு வாங்க நிமிர்ந்தவள், நல்ல டவுன் மலாயில் ஒரு பிடி பிடித்தாள்: புளியங்கொட்டை அளவு! அதற்கு மேல் போனால் வீடு போய்விடும்! முதலில் நார், நாருக்குள் பால், மேலே சருகு. கரும்புகை நின்ற பிறகுதான் பானையை வைக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். சுட்டால் மட்டும் போதாது.

பூங்காவனம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குறே? அடுத்து என்ன, அதைச் சொல்லு. நான் சொல்றேன்" என்றாள் ருக்மணி சிடுசிடுவென்று.

அன்று சாயங்காலம்வரை பூங்காவனத்தின் கையும் ருக்மணியின் வாயுமாகச் சந்து முழுக்கப் பாடம் நடந்தது. ருக்மணி அன்றுதான் அந்தக் கைகளைப் பக்கத்திலிருந்து கவனித்தாள். நார் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று விரல் நுனியால் ஒரு தேய்ப்பில் தெரிந்துகொள்வாள். எவளுடைய உருண்டை எரியாது என்று உருட்டும்போதே கண்டுகொள்வாள். ஆனால் அந்த உருண்டையைக் கலைக்க மாட்டாள். கூட இன்னொன்றை உருட்டி அதன் பக்கத்தில் வைப்பாள். அந்தப் பெண் இரண்டையும் கொளுத்திப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டு மறுபடி உட்காருவாள். ஒருத்தியைக்கூட அவள் முகம் சுண்டவைக்கவில்லை. பொறுமை என்ற ஒன்றை இவள் எங்கிருந்து கொண்டுவந்தாள் என்று ருக்மணிக்கு வியப்பாக இருந்தது. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் பாதிப் பேர் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

வயசானவர்களும் படுத்துக் கிடப்பவர்களும் உருட்டி மூட்டிக் காய்ச்ச முடியாதே என்று மறுநாளே இன்னொரு யோசனை வந்தது பூங்காவனத்துக்கு. கோயிலில் பொங்கலுக்கு வைக்கிற பெரிய அண்டாவைக் கேட்டு வாங்கி வந்தார்கள். கிணற்றடியில் கல் கூட்டி ஏற்றினார்கள். காலை தோறும் அண்டா கொதித்தது. தூக்குச் சட்டியும் பானையுமாக ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

தினமும் ஒரே இடத்தில் கரும்புகை எழும்பினால் ஜப்பான்காரன் கண்ணில் படாமல் இருக்குமா? ஒரு நாள் காலையில் அதிகாரி ஒருவன் இரண்டு சிப்பாய்களோடு வந்து நின்றான். கூட வந்த மலாய்ப் போலீஸ்காரன், எதிரி விமானத்துக்குப் புகை காட்டுகிறார்களா என்று துரை கேட்பதாகச் சொன்னான். வரிசை கலைந்து ஓடியது. ருக்மணி அண்டாவின் பக்கத்திலேயே நின்றாள். அதிகாரி பூட்ஸ் காலால் கொழுக்கட்டைக் கூடையை உதைத்துக் கவிழ்த்தான். ஒன்றை எடுத்து முகர்ந்து, பூங்காவனத்தின் முகத்துக்கு நேரே நீட்டி எதையோ கத்தினான்.

பூங்காவனம் அண்டாவின் மூடியை நகர்த்தினாள். கொட்டாங்கச்சி அகப்பையால் தண்ணீர் மொண்டு, ஒரு குவளையில் ஊற்றி, ஆற்றி, முதலில் தான் ஒரு வாய் குடித்தாள். பிறகு வேறு குவளையில் ஊற்றி அவன் பக்கம் நீட்டினாள். ருக்மணி முன்னால் வந்தாள். பேதி, குழந்தைகள் செத்துவிட்டார்கள், தண்ணீர் காய்ச்சுகிறோம், வேறொன்றும் இல்லை என்று மலாயில் கொட்டினாள். போலீஸ்காரன் அதைக் கையும் காலுமாக ஜப்பானியில் சொன்னான்.

அதிகாரி குவளையை வாங்கவில்லை. அண்டாவைப் பார்த்தான். எரிகிற ஈர விறகைப் பார்த்தான். சிப்பாய்களிடம் ஏதோ சொன்னான். அவர்கள் சிதறிக் கிடந்த கொழுக்கட்டையை எல்லாம் பொறுக்கிக் கூடையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு முகாமின் சமையற்கட்டுக்கென்று அடிக்கடி ஆள் வந்து ஒரு கூடை எடுத்துப்போவது வழக்கமாகிவிட்டது. பதிலுக்கு ஒன்றும் தர மாட்டார்கள். ஆனால் அண்டாவைத் தொடவில்லை.

"அவனுங்களுக்குன்னு தனியா உருட்டுடீ" என்றாள் ருக்மணி. "ஒட்டுப்பாலைத் தாராளமாப் போடு. டயர் வாசம் அவனுங்க சோத்துலயும் கொஞ்சம் அடிக்கட்டும்."

பூங்காவனம் சிரித்தாள். போட்டாளா இல்லையா என்பதை ருக்மணியிடம் கடைசிவரை சொல்லவில்லை.

மழை ஓய்வதற்கு முன்பே சந்தில் பேதி நின்றுவிட்டது. பக்கத்துக் கம்பத்திலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துப் போய்த் தங்கள் கிணற்றடியில் அண்டா ஏற்றினார்கள். கொழுக்கட்டைக்குப் பதிலாக இப்போது யாரும் எதையும் கொண்டுவருவதில்லை. ஆனால் காலையில் எழுந்தால் வாசற்படியில் முருங்கைக்கீரை இருக்கும், இல்லாவிட்டால் நாலு கிழங்கு இருக்கும். உமர் ராவுத்தர் உப்பை அனுப்பிக்கொண்டுதான் இருந்தார், கொஞ்சம் கொஞ்சமாக. உப்பு குறைந்த கஞ்சியைக் குடிக்க ருக்மணி பழகிக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். சேதுபதி என்று பேர், பஸ் பட்டறையில் தம்பிராஜாவோடு வேலை பார்த்தவர். எலும்பு மட்டும்தான் திரும்பி வந்திருந்தது. கூடத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். குவளையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்வதற்கு முன்பே கலியாணசுந்தரத்துக்குப் புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"வாந்திபேதிம்மா" என்றார் சேதுபதி. "முகாமே காலியாப் போச்சு. ஆத்துத் தண்ணியைத்தான் குடிச்சோம்."

பூங்காவனம் நின்ற இடத்திலிருந்து அசையாமல் கேட்டாள். "காய்ச்சிக் குடிக்கலையாண்ணே?"

"மழைம்மா. விறகெல்லாம் ஈரம். பத்தலை."

பூங்காவனம் அப்படியே தரையில் சரிந்தாள். ருக்மணி அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பாக்கியலட்சுமி வேலியைத் தாண்டி ஓடி வந்து இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

காரியம் முடிந்த சில நாளில் மழை பிடித்தது. கிணற்றுத் தண்ணீர் மறுபடி நிறம் மாறியது. பூங்காவனத்தை எழுப்பக் கூடாது என்று ருக்மணி தானே விடியலில் கிணற்றடிக்குப் போய் அண்டாவுக்கு நெருப்பு மூட்டப் பார்த்தாள். கல்லைத் தட்டித் தட்டி விரல் முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம். பின்னால் சேற்றில் காலடிச் சத்தம் கேட்டது. வெள்ளைச் சேலையில் பூங்காவனம் வந்து பக்கத்தில் குந்தினாள். முகம் வீங்கியிருந்தது. ஒன்றும் பேசாமல் அரத்துண்டை வாங்கித் தட்டினாள். பொறி விழுந்தது. அவள் ஊதத் தொடங்கியபோது மழைச்சாரல் படாமல் ருக்மணி தன் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனைக்கும் நடுவில் இவளால் எப்படி எழுந்து வர முடிந்தது என்று அவள் அன்று நினைத்ததை, பிற்பாடு யார் யாரிடமோ பல முறை சொல்லியிருக்கிறாள்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த மாதத்தில் ராஜரத்தினம் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தான். தங்கையைத் தோட்டத்துக்கு அழைத்துப் போக வந்திருந்தான். புருஷன் இல்லாத வீட்டில் அவள் எந்த உரிமையில் இருப்பாள் என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்விதான். கலியாணசுந்தரம் மனைவியைப் பார்த்தான்.

"எந்த உரிமையிலயா?" என்றாள் ருக்மணி. "இந்தச் சந்துல போயி எந்த வீட்டுக் கதவை வேணா தட்டிக் கேளுங்கண்ணே, பூங்காவனம் யாருன்னு. அப்புறம் வந்து எங்கிட்டக் கேளுங்க. அவளா இஷ்டப்பட்டு வர்றேன்னா நான் தடுக்கல. நீங்களாக் கூட்டிட்டுப் போறதுன்னா நான் விடமாட்டேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே பயமாகிவிட்டது. வர்றேன் என்று சொல்லிவிட்டால்? திரும்பிப் பார்க்கத் தைரியம் வராமல் வாசற்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே" என்றாள் பூங்காவனம் உள்ளேயிருந்து. "மாட்டை அவுத்துக் கட்டு. சாப்பிட்டுட்டுப் போ. நான் இங்கதான் இருக்கப்போறேன்."

வண்டியில் ராஜரத்தினம் கொண்டுவந்திருந்த பலாக்காய் ஒன்று இருந்தது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஓரகத்திகள் இருவரும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெட்டத் தொடங்கினார்கள்.